கூட்டத்தில் எண்ணப்படும் பணம்: தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்களும் ஊராட்சிக் கூட்டமைப்புகளும் – ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் அன்றைய தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியம் உதவியது. 1983-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் திட்டத்தை நடத்தியது. தொண்டு நிறுவனங்கள் ஊர் ஊராகப் போய்க் குழு அமைத்தன, இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. பிணை எதுவும் இல்லாத பெண்களுக்கு வங்கிக் கடன் கொடுப்பது அப்போது புதிய காரியம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1992-இல்தான் நபார்டு வங்கி நாடு தழுவிய அளவில் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை எடுத்தது. 1997-98-இல் மாநில அரசின் மகளிர் திட்டம் வந்தது. 2005-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டம், பின்னாளில் 26 மாவட்டங்களில் 120 வட்டாரங்கள், 4,174 ஊராட்சிகள் வரை விரிந்தது. 2011-இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம். இன்று மாநிலத்தின் ஏறக்குறைய 12,500 ஊராட்சிகளில் மகளிர் குழுக்களும், அவற்றை இணைக்கும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளும் ஊரின் கடன், தொழில், நலத்திட்டம், பள்ளிச் சமையல் என்று பல வேலைகளைக் கையில் வைத்திருக்கின்றன.

ஒரே திட்டம், ஒரே பயிற்சி, ஒரே வங்கிக் கிளை. ஆனாலும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் ஒரு குழு இருபது வருடம் நிற்கிறது, இன்னொன்று முதல் வங்கிக் கடனோடு கலைகிறது. ஏன் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. பணம் போதவில்லை, படிப்பு போதவில்லை என்ற பதில்கள் எளிதாக வரும். கணக்கு நோட்டுகளைப் புரட்டினால் அவை நிற்பதில்லை. உடைந்த குழுக்களில் முதல் விரிசல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தெரிகிறது: ஏதோ ஒரு பரிமாற்றம் கூட்டத்துக்கு வெளியே நடந்திருக்கும்.

ஒரு கூட்டத்தின் கணக்கு

குழுவில் 10 முதல் 20 பேர். 20 என்ற உச்ச வரம்பு பழைய கம்பெனிச் சட்டத்தை ஒட்டி வந்தது. அதற்கு மேல் போனால் பதிவு செய்யாத அமைப்பாக இயங்க முடியாது. மலைப்பகுதியிலும் மாற்றுத்திறனாளிகள் குழுவிலும் 5 பேர் இருந்தாலே போதும். குழுவை வழிநடத்தும் ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். வாரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன்), தவறாமல் திருப்பிக் கட்டுவது, சரியான கணக்கு ஆகிய ஐந்தும் பஞ்ச சூத்திரம். குழுவைத் தரம் பிரிப்பது இவற்றை வைத்துத்தான்.

12 பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். வாரச் சேமிப்பு தலைக்கு 50 ரூபாய், மொத்தம் 600. அன்று உள்கடனில் வந்த அசல் 2,500, வட்டி 180, தாமதமாக வந்த ஒருவருக்கு அபராதம் 10. வரவு 3,290. போன வாரக் கையிருப்பு 210-ஐச் சேர்த்தால் 3,500. ஒருவருக்கு 3,000 கடன் கொடுக்கத் தீர்மானம். நோட்டு வாங்க 40. மீதி 460. இவ்வளவுதான் கணக்கு, ஐந்தாம் வகுப்புக் கூட்டல் கழித்தல். எதை முதலில் செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பணம் நடுவில் பாயில் வைக்கப்பட வேண்டும். ஐநூறு எத்தனை, நூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று ஒருவர் சத்தமாக எண்ண, இன்னொருவர் எழுத வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரின் பாஸ்புக்கிலும் அங்கேயே பதிய வேண்டும். கடைசியில் கையிருப்பு 460 என்று எல்லோர் காதிலும் விழ வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து அதற்குப் பிறகுதான்.

இந்த வரிசை மாறும்போது என்னவெல்லாம் ஆகிறது என்று பார்க்கலாம். கணக்கை வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதுகிற ஊக்குநர், அன்றைய வசூலை '3,290' என்று ஒரே வரியில் போடுவார். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரியாது. நான்கு மாதம் கழித்து ஒரு உறுப்பினர் தன் பாக்கியைக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. பேச்சு அங்கே ஏறும், சேமிப்பு நிற்கும். பென்சிலால் எழுதுவது இன்னொரு கேடு. கூட்டத்துக்கு வராதவர் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்தனுப்பும் 50 ரூபாய் சின்ன விஷயமாகத் தெரியும். மூன்று மாதம் அப்படியே போனால் அவர் கூட்டத்துக்கு வராமலே குழுவில் இருக்கப் பழகிவிடுவார். கடன் மட்டும் கேட்க வருவார்.

வட்டி போடும் முறையில் பல குழுக்கள் தங்களை அறியாமலே ஏமாறுகின்றன. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்பது பொதுவான வழக்கம். 12,000 ரூபாய் கடனை 12 மாதத்தில் மாதம் ஆயிரமாகக் கட்டுபவருக்கு, குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டால் மொத்த வட்டி 780 ரூபாய். முதல் தொகைக்கே கடைசி வரை வட்டி போட்டால் 1,440. ஏறக்குறைய இரட்டிப்பு. எந்த முறை என்று தீர்மானத்தில் எழுதாத குழுவில், ஊக்குநருக்கு நெருங்கியவருக்கு ஒரு கணக்கும் மற்றவருக்கு இன்னொரு கணக்கும் விழுவது வேண்டுமென்றே நடக்காவிட்டாலும் நடந்துவிடுகிறது. குறையும் பாக்கிக்கு வட்டி என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைப்பது நல்லது.

வங்கியில் நடப்பது

ஆறு மாதம் ஒழுங்காக இயங்கிய குழு வங்கிக் கடனுக்குத் தகுதி பெறும். அந்த ஆறு மாதம் கணக்கு நோட்டின்படி. வங்கிக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அல்ல. இதை அறியாமல் பல குழுக்கள் கூடுதலாகக் காத்திருக்கின்றன. முதல் கடன், குழுவின் மொத்த நிதியைப் போல் ஆறு மடங்கு அல்லது 1.5 லட்சம், இவற்றில் எது அதிகமோ அது. இரண்டாவது எட்டு மடங்கு அல்லது 3 லட்சம். மூன்றாவது, யாருக்கு எதற்கு எவ்வளவு வேண்டும் என்று குழு எழுதும் கடன் தேவைத் திட்டத்தின்படி குறைந்தது 6 லட்சம். 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது. இவை ரிசர்வ் வங்கியின் விதிகள். 'சேமிப்பில் பாதியை எடுக்காதீர்கள், கடனுக்கு ஈடாக இருக்கட்டும்' என்று கிளையில் சொன்னால், எழுத்தில் கேட்டாலே போதும், பெரும்பாலும் அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

12 பேர், வாரம் 600 என்றால் 26 வாரத்தில் சேமிப்பு 15,600. ஆறு மடங்கு 93,600, அதனால் 1.5 லட்சமே கிடைக்கும். 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. இரண்டு வருடத்தில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 6,716 ரூபாய், ஒரு தலைக்கு 560 போல.

இங்கேதான் முதல் பெரிய தவறு நிகழ்கிறது. 1.5 லட்சத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து ஆளுக்கு 12,500. எல்லோருக்கும் சமம், சண்டை இல்லை. ஆனால் கறவை மாடு வாங்க நினைத்தவருக்கு அந்தப் பணம் போதாது. தேவையே இல்லாதவர் கையிலும் அதே தொகை வரும். அவர் அதை வேறொருவருக்குத் தருவார், சில நேரம் ஊக்குநருக்கே. கடன் ஒருத்தி பேரில், பணம் இன்னொருத்தி கையில். வெளியே தெரியாத இந்தப் பினாமிக் கடன்தான் பின்னால் வரும் ஒவ்வொரு தகராறுக்கும் வேர். கடன் தேவைத் திட்டம் என்பது வங்கிக்குக் காட்டும் காகிதமாக இல்லாமல் உண்மையாகப் போடப்பட வேண்டும். யாருக்கு என்ன தொழில், எவ்வளவு வேண்டும், எந்த மாதத்தில் வருமானம், இப்போது வேறு எங்கே எவ்வளவு கட்டுகிறார் என்று ஒவ்வொருவரும் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்வி சங்கடமானது. வாரக் கடன் கம்பெனிகளில் வாங்கியதை மறைப்பார்கள். தனியார் நுண்கடனுக்கு 2022-இல் வந்த விதிப்படி, ஒரு குடும்பத்தின் மாதக் கடன் தவணை அனைத்தும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. குழுவும் இதே அளவை வைத்துக்கொண்டால், மறுக்க வேண்டிய இடத்தில் ஆள் முகம் பார்க்காமல் மறுக்கலாம்.

கூட்டமைப்பின் வரவு செலவு

குழுக்களின் பிரதிநிதிகள் குடியிருப்பு அளவிலான மன்றத்தில் கூடுகிறார்கள். அங்கிருந்து ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. இது 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம். குழுக்களுக்குக் கடனாகப் போகும் சமுதாய முதலீட்டு நிதியும், மிக நலிந்த குடும்பங்களுக்கான நலிவு நிலை குறைப்பு நிதியும் இதன் வழியாக வருகின்றன. கூட்டமைப்பு குழுவுக்குக் கடன் கொடுக்கிறது, குழு உறுப்பினருக்குக் கொடுக்கிறது, இடையில் உள்ள வட்டி வித்தியாசத்தில் இருவரும் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த வித்தியாசம் எவ்வளவு மெல்லியது என்பதைக் கூட்டமைப்பு நிர்வாகிகளே பல நேரம் உணர்வதில்லை. சுற்றில் 10 லட்சம் இருக்கிறது, ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையும் ஒழுங்காகச் சுழன்றால் வட்டி வரவு 90,000. கணக்காளருக்கு மாதம் 3,500 வீதம் 42,000, கூட்டப் பயணப்படி, நோட்டு, காகிதம் 12,000, தணிக்கை, பதிவாளர் அலுவலகச் செலவு 8,000. மொத்தம் 62,000 போக மிச்சம் 28,000. இதில் 3 லட்சம் நிலுவையில் மாட்டினால் வட்டி வரவு 63,000-ஆகக் குறைந்து மிச்சம் ஆயிரம் ரூபாய்தான். வாராக் கடனுக்கு ஒதுக்க எதுவும் இருக்காது. அடுத்த வருடம் கணக்காளர் சம்பளம் பாக்கி விழும், அவர் வருவதைக் குறைப்பார், கணக்கு பின்தங்கும், நிலுவை இன்னும் ஏறும். திட்ட நிதியில் சம்பளம் வந்தவரை ஓடிய கூட்டமைப்புகள், திட்டக் காலம் முடிந்ததும் படுத்துவிடுவது இதனால்தான். கணக்காளரின் ஊதியத்தைக் கூட்டமைப்பு தன் வட்டியிலிருந்தே கொடுக்கும் நிலைக்கு இரண்டாம் ஆண்டுக்குள் வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

நிலுவை மூன்றாம் மாதத்தைத் தொடும்போதே பேச வேண்டும். மாதக் கூட்டத்தில் குழுப் பெயர், கட்ட வேண்டியது, கட்டியது, பாக்கி என்ற நான்கு பத்தியை ஒரு சார்ட் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுகிற கூட்டமைப்புகளில் பாதி வேலை அந்தத் தாளே செய்துவிடும். உறுப்பினர் பெயரைச் சுவரில் எழுதக் கூடாது. குழுவின் பெயர் மட்டும். பெயரைப் போட்டு அவமானப்படுத்தினால் அந்தப் பெண் குழுவை விட்டுப் போய் வாரக் கடனில் விழுவார்.

புளி: ஒரு தொழிலின் உள்கணக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளி பெரிய வியாபாரம். தை கடைசியில் தொடங்கிச் சித்திரை வரை உலுக்கல். வெளியிலிருந்து புதுத் தொழிலைக் கொண்டுவராமல், பெண்கள் ஏற்கெனவே கூலிக்குச் செய்துவந்த வேலையைத் தாங்களே எடுத்து நடத்துவதற்கு இது நல்ல சான்று. ஓடு உடைப்பது, நார் உருவுவது, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுப்பது எல்லாம் கைக்குப் பழகியவை. பழகாதது வாங்குவதும் விற்பதும்.

ஓட்டோடு வாங்கும் புளியில் சதை ஏறக்குறைய 55 சதவீதம், கொட்டை 34, ஓடும் நாரும் 11. ஆயிரம் கிலோ வாங்கினால் கையில் நிற்பது 550 கிலோ. ஓட்டோடு கிலோ 40 ரூபாய் என்று வாங்கியவர்களுக்குச் சதையின் அடக்கம் 73 ரூபாய். அதற்கு மேல் தட்டுக்கூலி, சாக்கு, வண்டி வாடகை, குளிர்பதனக் கிடங்கு வாடகை, காயும்போது குறையும் எடை. இதை எழுதிப் பார்க்காத குழு, 40-க்கு வாங்கி 80-க்கு விற்கிறோம் என்று நம்பி நட்டத்தில் விற்கும். கொட்டையை எறியக் கூடாது. ஸ்டார்ச் ஆலைகளுக்கு அது போகிறது, எடையில் மூன்றில் ஒரு பங்கு அது.

எடை குறைவதில்தான் குழுவுக்குள் சந்தேகம் முளைக்கிறது. காலையில் ஒருத்திக்குக் கொடுத்த 20 கிலோ, மாலையில் சதையும் கொட்டையும் நாருமாக 19 கிலோ திரும்பி வந்தால், வெயிலில் காய்ந்ததா வீட்டுக்குப் போனதா? அதனால் மூன்று இடத்தில் எடை போட வேண்டும்: வாங்கும்போது, தட்டக் கொடுக்கும்போது, திரும்ப வரும்போது. திரும்பி வரும்போது கொட்டை, நார், சதை மூன்றையும் தனித்தனியாக நிறுத்து எழுத வேண்டும். சதை அளவு ஒருவருக்கு மட்டும் தொடர்ந்து குறைந்தால் தெரிந்துவிடும். எல்லோருக்கும் குறைந்தால் அந்தச் சரக்கே ஈரச் சரக்கு. மரத்தை மொத்தமாகக் குத்தகை எடுப்பதை முதல் வருடம் செய்யாமல் இருப்பது நல்லது. பூவையும் பிஞ்சையும் பார்த்து விளைச்சல் மதிப்பிடுவது வியாபாரிகளுக்கே தப்பும்.

புளி வெளியில் இருந்தால் மழைக்காலத்துக்குள் கறுக்கத் தொடங்கும். நிறம் போனால் விலை போகும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் நிற்கும். ஆனால் அங்கே முடங்கிக் கிடப்பது கடன் பணம். வங்கித் தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். பங்குனியில் வாங்கிய சரக்கு ஐப்பசியில் நல்ல விலை போகும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஏழு மாதத் தவணைக்கு என்ன வழி? இதற்குத் தீர்வாக நடைமுறையில் நின்றது இதுதான்: சரக்கில் மூன்றில் ஒரு பங்கை உடனே விற்றுக் கூலியும் முதல் தவணைகளும் அடைப்பது, இன்னொரு பங்கைச் சில்லறைப் பொட்டலமாக மாதாமாதம் விடுவது, கடைசிப் பங்கை மட்டும் கிடங்கில் வைப்பது. கூட்டமைப்பு நிதியில் வாங்கினால் பருவம் முடிந்து ஒரே தவணையாக அடைக்கத் தீர்மானம் போடலாம். அந்த நெகிழ்ச்சி வங்கியில் கிடைப்பது அரிது.

பொட்டலம் போட்டு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் பதிவே போதும், கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். உறையில் பதிவு எண், நிகர எடை, பொட்டலமிட்ட தேதி, அதிகபட்ச சில்லறை விலை, முகவரி இருக்க வேண்டும். கடைக்குக் கடனில் போடும் சரக்குக்கு எல்லை வகுக்காத குழுக்கள் ஆறே மாதத்தில் முடங்கிவிடுகின்றன. இரண்டாம் முறை சரக்குப் போடும்போது முதல் முறைப் பணம் வந்திருக்க வேண்டும் என்பதை மீறக் கூடாது.

கறவை மாடு பற்றிச் சுருக்கமாக. மாடு பத்து மாதம் கறக்கும், இரண்டு மாதம் வற்றும். கன்று போடத் தள்ளிப்போனால் வற்றும் காலம் நீளும். தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். இரண்டு மாடு வாங்க வாய்ப்புள்ளவர் இரண்டையும் ஒன்றாக வாங்காமல் ஐந்தாறு மாத இடைவெளியில் வாங்கினால் எப்போதும் ஒன்று கறவையில் இருக்கும். மாட்டுக்கு முன்னால் தீவனம்: கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டு முதல் அறுப்புக்கு 75 முதல் 80 நாள் ஆகும், அதன்பின் 45 நாளுக்கு ஒரு முறை. கடன் விண்ணப்பம் கொடுக்கும் அன்றே கரணை நட்டால் மாடு வரும்போது புல் இருக்கும். காப்பீட்டுக் காதுவில்லை விழுந்துவிட்டால் உடனே எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். வில்லை இல்லாமல் செத்த மாட்டுக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

ஊர் வேலைகள்

புதுவாழ்வுத் திட்டம் விட்டுச்சென்ற மிகப் பெரிய சொத்து பணமல்ல, மக்கள் நிலை ஆய்வு. ஊர் மக்களே தெருவில் சமூக வரைபடம் போட்டு, ஒவ்வொரு வீட்டையும் மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று பிரித்து, கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்கினார்கள். கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் பணத்தைச் செலவழித்தது, சமூக தணிக்கைக் குழு தனியாக நின்று அந்தச் செலவைப் பார்த்தது. செலவழிக்கும் கையும் சரிபார்க்கும் கண்ணும் வேறு வேறாக இருந்தன. தணிக்கைக் குழுவில் சங்க நிர்வாகியின் உறவினர் நுழைந்த ஊர்களில் இந்த ஏற்பாடு பெயரளவுக்குப் போனது.

இப்போது ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு முன்பாக ஒவ்வொரு குழுவும் தன் கோரிக்கையை எழுதிக் கூட்டமைப்பில் தொகுத்துக் கிராம சபைக்குக் கொண்டுபோகிறது. யாருக்கு உதவித்தொகை வரவில்லை, யாருக்கு வேலை அட்டை இல்லை, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் இல்லை என்பதெல்லாம் அதில் வரும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு கிராம சபைகள். அக்டோபர் 2 சபையில் திட்டம் வைக்க வேண்டுமானால் குழு அளவில் எழுதும் வேலை ஆகஸ்டிலேயே முடிய வேண்டும். கடைசி வாரத்தில் கூட்டமைப்புக் கணக்காளர் தானே உட்கார்ந்து செயலியில் நிரப்பிய கோரிக்கைகள் எல்லாக் குழுவிலும் ஒன்றுபோல இருக்கும்: தெருவிளக்கு, சாலை, சாக்கடை. ஒரு கைம்பெண்ணின் பெயரோ, நின்றுபோன ஓய்வூதியமோ அதில் இருக்காது. கோரிக்கையை எழுத்தாகக் கொடுத்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த சபையில் அந்த எண்ணைச் சொல்லியே கேட்கிற கூட்டமைப்புகளுக்குத்தான் பதில் கிடைக்கிறது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-இல் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. கிராமப் பள்ளிகளில் சமைப்பவர்கள் குழு உறுப்பினர்கள். அதே ஊர்க்காரராக, பிள்ளை அதே பள்ளியில் படிப்பவராக இருக்க வேண்டும் என்ற விதி மிகப் பொருத்தமானது. தன் பிள்ளை உண்ணும் தட்டுக்குச் சமைப்பவரை மேற்பார்க்க வேறு ஆள் தேவைப்படாது. ஒரு குழந்தைக்கு ரவை அல்லது அரிசி போன்றது 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், அத்தோடு காய்கறி. 60 பிள்ளைகளுக்கு ரவை 3 கிலோ, பருப்பு 900 கிராம், சாம்பார் 6 லிட்டர். காலை ஐந்தரைக்கு அடுப்புப் பற்றினால்தான் பள்ளி தொடங்குமுன் பரிமாற முடியும். உப்புமா ஆறினால் இறுகும். ஆகவே சாம்பாரை முதலில் முடித்துவிட்டு, ரவையைக் கடைசியில் சற்று நீர்க்கக் கிண்டி இறக்குவார்கள். நேற்றைய வருகையை வைத்து இன்று அளந்தால் திங்கள்கிழமையும் திருவிழா மறுநாளும் கணக்குத் தப்பும். சமைப்பவர்களில் ஒருவருக்கு உடம்பு முடியாத நாளுக்கு மாற்று ஆள் யார் என்று முன்கூட்டியே தீர்மானத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆள் தேர்வு கூட்டத்தில் நடக்காமல் யாரோ சொல்லி நடந்த ஊர்களில், சமையல் நன்றாக இருந்தாலும் குழுக்களுக்குள் பகை மூண்டது.

எங்கே உடைகிறது, எப்படி ஒட்டுவது

ஒரே ஊக்குநர் பத்து வருடம் இருப்பது பெரிய நோய். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. வங்கிக்குப் போகத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்றாகிவிட்டால், காசோலையில் முன்கூட்டியே மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் வரும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதோடு, ஒவ்வொரு முறை வங்கிக்குப் போகும்போதும் புதிதாக ஒருவரை உடன் அழைத்துப்போக வேண்டும்.

கடன் தள்ளுபடிப் பேச்சு இன்னொன்று. 31.3.2021 நிலவரப்படி கூட்டுறவு வங்கிகளில் குழுக்களுக்கு இருந்த 2,756 கோடி ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. கொரோனாவில் வருமானம் இழந்த குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி. அதற்குப் பின், வணிக வங்கியில் கடன் வாங்கிய குழுக்களும் 'நமக்கும் வரும்' என்று தவணையை நிறுத்திய இடங்கள் உண்டு. 90 நாள் தாண்டியதும் கணக்கு வாராக் கடனாகி, அடுத்த கடனும் வட்டிச் சலுகையும் போயின. அந்த இடைவெளியில் வாரக் கடன் கம்பெனிகள் நுழைந்தன. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் மாநில அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. மிரட்டலைத் தடுக்க அது உதவும், ஆனால் பாக்கி பாக்கியாகவே நிற்கும்.

உடைந்த குழுவை மீட்க முடியும், வரிசை தவறாமல் செய்தால். முதலில் கையெழுத்து அதிகாரத்தை மாற்ற வேண்டும்: பெரும்பான்மையோர் கையெழுத்திட்ட தீர்மானம், புதியவர்களின் ஆதார், படம். இதைச் செய்யாமல் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் பழையவர் கடைசித் தொகையையும் எடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. அடுத்து, கடன் வாங்கிய நாளிலிருந்து இன்று வரை வங்கி அறிக்கை. அதையும் ஒவ்வொருவரின் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து, எல்லோர் முன்னிலையிலும், கூட்டமைப்புக் கணக்காளர் வாசிக்க ஒத்துப்பார்க்க வேண்டும். 'நான் கொடுத்தேன், பதியவில்லை' என்ற தொகைகளைத் தனிப் பட்டியலாக எழுத வேண்டும். அங்கேயே தீர்க்க முயலக் கூடாது, இரவாகிவிடும், சண்டையில் முடியும். ஊக்குநர் எடுத்துக்கொண்டது உறுதியானால் அதை அவர் பெயரில் கடனாக, தேதி போட்டு, தவணையோடு எழுத வேண்டும். காவல் நிலையம் கடைசி வழி. அங்கே போனபின் பணம் திரும்பிய குழுக்கள் மிகக் குறைவு.

பின்பு ஒவ்வொருவரும் தன் பாக்கிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். வாரச் சேமிப்பை மறுபடி 20 ரூபாயில் என்றாலும் தொடங்க வேண்டும். சேமிப்பு இல்லாமல் பழைய கடனை மட்டும் வசூலிக்கக் கூடும் கூட்டத்துக்கு மூன்றாம் வாரம் யாரும் வரமாட்டார்கள். மூன்று மாதக் கணக்கு கையில் வந்தபின் வங்கி மேலாளரைப் பார்த்து, பாக்கியைப் புதிய தவணைகளாக மாற்றக் கேட்கலாம். அப்போது ஊக்குநர் மட்டும் போகாமல் குறைந்தது ஆறு பேர் நோட்டுகளோடு போக வேண்டும். ஒத்துப்பார்த்த பட்டியலின் ஒரு படியைக் கிளையில் கொடுத்து, இன்னொரு படியில் முத்திரை வாங்கிக் கூட்டமைப்புக் கோப்பில் வைக்க வேண்டும்.